முதல் டாங்கோ ஷூ: ஜெர்மனியில் வாங்குவதா, ஊரில் தைப்பதா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சொந்த ஊர் பாம்பன், வேலை ஜெர்மனியில் லைப்சிக் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். குளிர்காலத்தில் பொழுது போகவில்லை என்று டாங்கோ வகுப்பில் சேர்ந்தீர்கள், இப்போது விட மனசில்லை. இதுவரை சாக்ஸ் போட்டும் பழைய சாண்டல் போட்டும் சமாளித்தாயிற்று, இனிமேல் ஒழுங்காக ஒரு ஷூ வாங்கு என்று டீச்சர் சொல்கிறார். கடையில் 180 யூரோ சொல்கிறார்கள், போட்டுப் பார்த்த ஜோடிகள் எல்லாம் அகலமான உங்கள் காலை விரல் பக்கம் கடிக்கிறது. அதனால் அர்ஜென்டினாவிலிருந்து ஆன்லைனில் வரவழைக்கலாமா, இல்லை கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது ஆம்பூரிலோ ராமநாதபுரத்திலோ குறைந்த விலைக்குத் தைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள். பார்த்தால் விலையைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, என் காலுக்கு எது பொருந்தும் என்பதைப் போட்டுப் பார்க்காமலே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான். பாதி முடியும். மீதிப் பாதிக்குக் காலை உள்ளே விட்டே ஆகவேண்டும், அதனால் முதல் ஜோடியை நீங்கள் இருக்கிற ஊரிலேயே வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஊர் கீழக்கரை. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்தில் படித்துவிட்டு ஆம்பூரில் ஏற்றுமதிக்குப் பெண்கள் காலணி செய்கிற ஒரு கம்பெனியில் சாம்பிள் ரூமில் ரொம்ப வருஷம் இருந்தேன். நடுவில் பிர்மாசென்ஸில் கொஞ்ச காலம். ஒரு காலத்தில் ஜெர்மனியின் செருப்புத் தலைநகரம் அது. அங்கே டாங்கோ ஆடுகிற ஒரு கூட்டத்தோடு பழக்கமாகி, அவர்கள் ஷூவுக்கெல்லாம் அடித்தோல் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் எனக்கு நடை போடுகிற அளவுக்குத்தான் வரும். எனவே ஷூவின் கட்டுமானம், அளவு, தோல் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹீலில் உங்கள் ஆட்டம் நன்றாக இருக்கிறது என்பதை டீச்சரும் கண்ணாடியும்தான் சொல்லவேண்டும். பெருவிரல் மூட்டில் ஏற்கெனவே வலியோ புடைப்போ இருந்தால் ஷூக்காரன் பேச்சைக் கேட்காமல் டாக்டரிடம் போங்கள், நீங்களே ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறீர்கள்.

டாங்கோ என்ற பெயரில் இரண்டு ஆட்டம் இருக்கிறது. போட்டிகளில் வால்ட்ஸோடு சேர்த்து ஆடுகிற பால்ரூம் டாங்கோ ஒன்று, அதற்குப் பெண்கள் வழக்கமாகப் போடுவது விரல் மூடிய, சாட்டின் துணி போர்த்திய ஷூ. இன்னொன்று அர்ஜென்டினா டாங்கோ. மிலோங்காவுக்கு, அதாவது அர்ஜென்டினா டாங்கோ ஆடக் கூடுகிற ராத்திரிக் கூட்டத்துக்கு, போகக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் உங்களுடையது இரண்டாவது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொதுவான டான்ஸ் ஷூ கடையில் டாங்கோ என்று மட்டும் சொன்னால் பால்ரூம் ஷூவையோ சல்சாவுக்குப் போடுகிற லத்தீன் ஷூவையோ எடுத்து முன்னால் வைப்பார்கள். லத்தீன் ஷூவில் அர்ஜென்டினா டாங்கோ ஆடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் அடி நன்றாக வளைந்துகொடுக்கும், பாதத்தை வளைத்து நீட்டிக் காட்டுவதற்காகச் செய்தது. டாங்கோவில் நீங்கள் செய்வது முக்கால்வாசி நடை. நடு அடி கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பின்பக்கம் நடக்கும்போது கால் அலையாது.

இந்த ஆட்டத்தில் பாதத்துக்கு என்ன வேலை என்று தெரிந்தால் ஷூவைப் பற்றிப் பாதி விளங்கிவிடும். ஓச்சோ, அதாவது எட்டு வடிவில் திரும்பித் திரும்பி வைக்கிற அடி, போடும்போது உடம்பின் எடை மொத்தமும் ஒரே காலின் முன்பாதத்தில், விரல்களுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் இறங்கி, அந்த இடத்திலேயே சுழல்கிறது. தரைக்கும் அடிக்கும் பிடிப்பு அதிகமாக இருந்தால் பாதம் திரும்பாது, இடுப்பு மட்டும் திரும்பும், நடுவில் முறுக்கு வாங்குவது முழங்கால். ரப்பர் அடி போட்ட ஷூவோடு மரத்தரையில் சுழலக்கூடாது என்பது இதனால்தான், இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. அதேபோல இரண்டு கால்களும் கணுக்காலோடு கணுக்கால் உரசித்தான் கடக்கும். உட்பக்கத்தில் கல் வைத்த வேலைப்பாடோ பெரிய பக்கிளோ இருந்தால் அடுத்த கால் வாரில் மாட்டும், தையல் பிரியும், கூட ஆடுகிறவர் பேண்டையும் இழுக்கும். என்னிடம் ரிப்பேருக்கு வந்த ஷூக்களில் உட்பக்கத் தோல் தேய்ந்து லைனிங் வெளியே தெரிகிறதுதான் அதிகம். பக்கிள் வெளிப்பக்கம் இருக்கிறதா, உட்பக்கம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

இனி கடிக்கிற விஷயத்துக்கு வருவோம். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் தாய் லாஸ்ட். பாதத்தின் வடிவில் செய்த அச்சு அது, முன்பு மரத்தில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் மேல்தான் தோலை இழுத்துப் பிடித்து ஒட்டுகிறோம், லாஸ்ட் எப்படியோ ஷூவின் உள்வயிறு அப்படி. ஒரு கம்பெனி எத்தனையோ டிசைன் போட்டாலும் அவர்களிடம் ஓடுகிற லாஸ்ட் சிலதுதான் இருக்கும். ஒரு மாடல் நன்றாகப் பொருந்தினால் அதே லாஸ்டில் வருகிற மற்ற மாடல்களும் அநேகமாகப் பொருந்தும், கடித்தால் வாரை மாற்றி, கலரை மாற்றி என்ன போட்டாலும் கடிக்கும். நீங்கள் போட்டுப் பார்த்தது எல்லாம் ஒரே பிராண்ட் என்றால் ஒரே ஷூவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்கள் என்றுதான் நான் சொல்வேன். கடைக்காரரிடம் இதைவிட அகலமான லைஸ்டன் உள்ளது எது என்று கேளுங்கள், ஜெர்மன்காரர்கள் லாஸ்டை அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே பல கம்பெனிகள் அகலத்துக்கு எஃப், ஜி, ஹெச் என்று எழுத்து போடுவதையும் பார்த்திருப்பீர்கள். எழுத்து ஏற ஏற அகலம். நடன ஷூ செய்கிறவர்களிலும் சிலர் அகலம் தனியாகத் தருகிறார்கள்.

உங்கள் கால் அகலம் என்பதில் விநோதம் எதுவும் இல்லை, அதைக் குறை மாதிரி எழுதியிருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். மணலில் வெறுங்காலோடு வளர்ந்த பாதம் அது. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற பெண்களின் கால்களைப் பாருங்கள், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடக்கிறவர்களை ஷூ போட்டுப் பழகியவர்களோடு ஒப்பிட்டு 2009-ல் ஒரு ஆய்வு வந்தது, வெறுங்கால்காரர்களுக்கு முன்பாதம் அகலம், நடக்கும்போது அழுத்தமும் பாதம் முழுக்கப் பரவலாக இறங்குகிறது என்று அதில் கண்டார்கள். சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சில வருஷங்களுக்கு முன்னால் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாணக் கருவியில் அளந்து பார்த்ததிலும் நம் ஆட்களின் பாதம் ஐரோப்பியர்களைவிடப் பொதுவாக அகலம் என்றுதான் வந்தது. ஐரோப்பாவிலோ அர்ஜென்டினாவிலோ விற்கிற ஷூவின் லாஸ்ட் அங்கத்திய பாதத்தை மனதில் வைத்துச் செய்தது. கடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

இதற்கு எல்லோரும் செய்கிற தந்திரம் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. டாங்கோ ஷூவில் அதைச் செய்யாதீர்கள். ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் நீளம் 6.67 மில்லிமீட்டர் கூடும், முன்பாதத்தின் சுற்றளவு வழக்கமாக 5 மில்லிமீட்டர்தான் கூடும். சுற்றளவில் 5 என்றால் அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் கூட வராது. ஆக, அகலத்துக்காக நீங்கள் வாங்கிய பெரிய சைஸில் குதிகால் பின்னால் ஆடும், ஹீலில் பாதம் முன்னால் சரியும், விரல்கள் திறந்த நுனியைத் தாண்டி வெளியே போய்த் தரையில் தேயும். சரிகிற கால் விரல்களால் ஷூவைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும், அந்தப் பிடியோடு யாராலும் சுழல முடியாது. நீளம் சரியாக, அகலம் தாராளமாக இருக்கிற லாஸ்டைத் தேடுவது ஒன்றுதான் வழி. இல்லையென்றால் முன்பக்கம் மூடிய தோலுக்குப் பதில் குறுக்கு வார்கள் வருகிற மாடல், அல்லது பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த மாடல்.

அளவு எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆன்லைனில் பார்க்கும்போது குழம்பும். ஐரோப்பிய எண் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, நம் ஊரில் பழகிய பிரிட்டிஷ் எண் ஒன்றுக்கு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.46 மில்லிமீட்டர். இரண்டும் வேறு வேறு படி என்பதால் மாற்று அட்டவணை எதுவும் எல்லா எண்ணிலும் சரியாக உட்காராது. பாதம் 24 சென்டிமீட்டர் நீளம் என்றால் சுமாராக ஐரோப்பிய 38, பிரிட்டிஷ் 5. அதே கால் அர்ஜென்டினா ஷூவில் பெரும்பாலும் 37, அங்கத்திய எண் ஐரோப்பிய எண்ணைவிட ஒன்று குறைவாக ஓடும். சில அர்ஜென்டினா கம்பெனிகள் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய எண்ணையே குத்தி அனுப்புவதும் உண்டு. அதனால் விற்பவரிடம் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லுங்கள், இந்த நீளத்துக்கும் இந்தச் சுற்றளவுக்கும் உங்களிடம் எது என்று கேளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் பதில் சொல்வார். எண்ணை மட்டுமே திருப்பிக் கேட்கிறவரிடம் பணத்தை அனுப்பாதீர்கள்.

அந்த அளவை எப்படி எடுப்பது? சாயங்காலம், வேலை முடிந்து வந்த பிறகு எடுங்கள், வார்டில் நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிட வீங்கித்தான் இருக்கும், மிலோங்காவும் ராத்திரியில்தான். தரையில் வெள்ளைத்தாளை ஒட்டி, சுவரில் குதிகால் படும்படி நின்று, இரண்டு காலிலும் எடை போட்டு நில்லுங்கள். உட்கார்ந்து எடுத்த அளவு பயன்படாது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறு யாராவது பாதத்தைச் சுற்றி வரையவேண்டும், சாய்த்தால் உள்ளே போய்விடும். குதிகாலிலிருந்து எந்த விரல் நீளமோ அதுவரை அளந்துகொள்ளுங்கள், சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். அப்புறம் தையல் டேப்பை எடுத்துப் பெருவிரல் மூட்டு, சுண்டுவிரல் மூட்டு இரண்டையும் சுற்றி, இறுக்காமல், தொட்டுக்கொண்டிருக்கிற அளவில் சுற்றளவு எடுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. பெரிய காலுக்குத்தான் ஷூ, சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய பேட் ஒட்டிக்கொள்ளலாம். இந்த நான்கு எண்ணையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் பாதி முடியும் என்று சொன்னது இதைத்தான்.

மீதிப் பாதி ஹீல். எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள், நான் முதலில் பார்ப்பது அது எங்கே நிற்கிறது என்பதை. ஷூவைச் சமமான மேஜையில் வைத்துக் கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஹீலின் நுனி முழுதாகத் தரையில் படவேண்டும், முன்விளிம்போ பின்விளிம்போ தூக்கிக்கொண்டு இருக்கக்கூடாது. அடுத்து, உள்ளே குதிகால் உட்காருகிற இடத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். ஷூ அசையாமல் நின்றால் சரி. முன்பக்கம் தூக்கினால் ஹீல் ரொம்ப முன்னால் போய்விட்டது என்று அர்த்தம், அதைப் போட்டுக்கொண்டு பின்னடி வைத்தால் கணுக்கால் பிசகும். பின்பு ஷூவைக் கையில் எடுத்து லேசாக வளைத்துப் பாருங்கள், விரல்கள் மடங்கும் இடத்தில் வளையவேண்டும், பாதக் குழிவுக்குக் கீழே வளையவே கூடாது. அந்த இடத்தில் உள்ளே எஃகுப் பட்டை ஒன்று இருக்கிறது, ஷாங்க் என்போம். அது மலிவாகவோ குட்டையாகவோ இருந்தால் ஷூ நடுவில் தொய்யும், ஹீல் உள்ளே வாங்கும். 180 யூரோவில் நீங்கள் கொடுக்கிற காசுக்கு நியாயம் இருக்கிறதா என்று சோதிக்க இதுதான் இடம், மேலே மின்னுகிற தோல் இல்லை.

கடைசியாகப் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், பிறகு முன்பாதத்தில் எழும்புங்கள். குதிகால் ஷூவைவிட்டுக் கழன்றுகொண்டு வந்தால் வார் போட்டு இறுக்கிச் சமாளிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. மெல்லிய ஆட்டுத்தோலும் சுவீட் என்கிற சொரசொரப்பான தோலும் நன்றாகவே விட்டுக்கொடுக்கும், பளபளக்கும் பேட்டன்ட் தோலும் சாட்டினும் அவ்வளவாக விடாது. அதனால் அகலத்தில் லேசான இறுக்கம் புதிதில் இருக்கலாம், வலி இருக்கக்கூடாது. தையல் வரி நேராகப் பெருவிரல் மூட்டின் மேலேயே ஓடுகிற டிசைன் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் அளவுகோலை வைத்துக் காட்டிவிடக்கூடியது. இனிமேல் சொல்கிறவற்றில் ஆடுகிறவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஹீல் உயரம் எவ்வளவு? மிலோங்காவில் பழகியவர்கள் 7 முதல் 9 சென்டிமீட்டர் வரை போடுகிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு 5, 6 போதும் என்பது நான் கேட்ட டீச்சர்களில் பெரும்பாலோர் கருத்து. உயரம் ஏற ஏற எடை முன்பாதத்துக்குப் போகும் என்பது நிச்சயம், அதனால் ஆட்டம் மேம்படுமா என்பது ஆளைப் பொறுத்தது. ஹீலே இல்லாத ஷூவில் பிரமாதமாக ஆடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க நின்று வேலை செய்கிற கால் என்பதால் உங்களுக்கு 6-க்கு மேல் முதல் ஜோடியில் வேண்டாம் என்பேன். இது சட்டம் இல்லை, என் யோசனை. கம்பெனிக்குக் கம்பெனி உயரத்தை அளக்கிற விதமும் மாறும், கடையில் ஒரு ஸ்கேல் கேட்டு வாங்கி அளந்துவிடுங்கள்.

அடித்தோலா சுவீடா என்ற சண்டை அதைவிடப் பெரியது. வழுவழுப்பான தோல் அடி மெழுகு போட்ட மரத்தரையில் புதிதில் வழுக்கும், பழகிய பிறகு சுழல்வது சுகம். சொரசொரப்பான சுவீட் அடி முதல் நாளிலிருந்தே ஓர் அளவு பிடிப்பு தரும், ஆனால் அழுக்கும் மெழுகும் ஏறிப் பளபளப்பாகிவிடும், அதைக் கம்பி பிரஷால் அவ்வப்போது சொரசொரப்பாக்கவேண்டும். உங்கள் வகுப்பு நடக்கிற தரை என்ன என்று எழுதவில்லை. ரொம்ப வழுக்குகிற மரத்தரை என்றால் சுவீட், பிடிக்கிற தரை என்றால் தோல், இரண்டும் கெட்டான் என்றால் கூட ஆடுகிறவர்கள் காலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தரையில் பவுடர் தூவுகிற வேலை மட்டும் வேண்டாம். உங்களுக்கு வசதியாக இருக்கும், அடுத்த ஜோடி விழும்.

எங்கே வாங்குவது? பெர்லின் உங்களுக்கு ரயிலில் பக்கம், ஐரோப்பாவில் டாங்கோ அதிகம் ஆடுகிற ஊர்களில் ஒன்று. நடன விழாக்களில் மண்டபத்துக்கு வெளியே ஷூ கடை போடுவார்கள், என் கணக்கில் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. பல கம்பெனி ஷூக்களை ராத்திரி வீங்கிய காலில் போட்டு அந்தத் தரையிலேயே நடந்து பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிற கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கினால் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புகிற உரிமை சட்டப்படி இருக்கிறது, ஆனால் உங்கள் அளவுக்கென்று தனியாகச் செய்யச் சொன்னதற்கு அது பொருந்தாது. இன்னொன்று, சுவீட் அடி வெறும் தரையில் நாலு எட்டு வைத்தாலே கறுத்துவிடும், அப்படி வந்ததைக் கடைக்காரர் முழுக்காசுக்கு எடுத்துக்கொள்ள யோசிப்பார். வீட்டில் மெத்தை விரிப்பின் மேலோ கார்ப்பெட்டிலோ மட்டும் போட்டுப் பாருங்கள்.

அர்ஜென்டினாவிலிருந்து வரவழைப்பது முதல் ஜோடிக்குச் சரிப்படாது. டாங்கோ லா பிளாத்தா ஆற்றின் இரண்டு கரையிலும், புவெனோஸ் ஐரிஸிலும் மோன்டெவிடியோவிலும் வளர்ந்த ஆட்டம், யுனெஸ்கோ பட்டியலில் 2009-ல் இரண்டு நாடும் சேர்ந்துதான் இடம் வாங்கின. அதனால் அந்த ஊர் ஷூவுக்கு ஒரு மவுசு இருக்கிறது, வேலைப்பாடும் நிஜமாகவே நன்றாக இருக்கும். புவெனோஸ் ஐரிஸில் காம் இல் ஃபோ என்று ஒரு பெயர்பெற்ற கடை, அங்கே ஷூவை அலமாரியில் அடுக்கி வைத்துக் காட்டுவதில்லை, அளவும் ஹீல் உயரமும் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து திறப்பார்களாம். அந்த வியாபாரமே நேரில் போட்டுப் பார்ப்பதை நம்பி நடப்பது. நீங்கள் ஜெர்மனிக்கு வரவழைத்தால் விலையோடு தபால் செலவு, அதன்மேல் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி, சுங்க வரி, கூரியர்காரரின் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். 22 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை என்ற பழைய சலுகையும் 2021 ஜூலையோடு போயிற்று. பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புகிற செலவு உங்கள் தலையில். ஒரு கம்பெனியின் லாஸ்ட் உங்கள் காலுக்குப் பொருந்துகிறது என்று ஏற்கெனவே தெரிந்த பிறகு வரவழைப்பது வேறு கதை, அப்போது தாராளமாகச் செய்யுங்கள்.

இப்போது ஆம்பூர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் உலகத்துக்கே ஷூ அனுப்புகிற ஊர்கள், அப்படியிருக்க எனக்கு ஒரு ஜோடி செய்துதர மாட்டார்களா என்று கேட்கத் தோன்றும். மாட்டார்கள், காரணம் திமிர் இல்லை. ஃபேக்டரி ஓடுவது ஆர்டரில். ஒரு மாடலுக்கு லாஸ்ட், அந்த லாஸ்டுக்கு ஏற்ற ஹீல், வெட்டுவதற்கான கத்தி என்று எல்லாம் சைஸ் வாரியாகச் செய்துதான் தொடங்கவே முடியும். 6 சென்டிமீட்டர் ஹீலுக்குச் செய்த லாஸ்டில் 8 சென்டிமீட்டர் ஹீலை அடிக்க முடியாது, பாதத்தின் வளைவே வேறு. உங்கள் காலுக்குத் தனி லாஸ்ட் செய்து ஒரே ஒரு ஜோடி தைப்பது கைவேலைக்காரர்கள் செய்கிற வேலை, அதற்கு அளவெடுத்து, ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி தைக்கவேண்டும். பத்துப் பதினைந்து நாள் லீவில், அதுவும் பாம்பனிலிருந்து ஆம்பூருக்கும் திரும்பவும் அலைந்து, இது நடக்காது. செலவும் நீங்கள் நினைக்கிற மாதிரி பாதியாக இருக்காது. யாராவது போட்டோவைப் பார்த்துச் செய்துதருகிறேன் என்றால் கல்யாண செருப்புக்கு வைத்திருக்கிற லாஸ்டில் டாங்கோ ஷூ மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுப்பார். பார்க்க அச்சு அசலாக இருக்கும். கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள் என்றேனே, அந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உட்கார்ந்திருக்கிற செருப்புத் தொழிலாளியால் முடிகிற காரியங்கள் இருக்கின்றன, அதைக் குறைவாக எடைபோடாதீர்கள். வாருக்குக் கூடுதல் துளை போடுவது, வாரைக் குட்டையாக்குவது, பிரிந்த தையலைப் பிடிப்பது, அடியில் சுவீட் ஒட்டுவது எல்லாம் சுத்தமாகச் செய்வார், ஜெர்மனியில் கேட்கிற கூலியில் கொஞ்சம்தான் ஆகும். தோல் மட்டும் நல்லதாக வேண்டும். சென்னை வழியாக வந்தால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் அடிக்கு ஒட்டுகிற மாதிரி கெட்டியான ஸ்ப்ளிட் சுவீட் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள், மேல்தோலுக்கான மெல்லிய சுவீட் சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய அடியைத் தேய்த்து எடுத்த பிறகு, பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதற்குப் பிறகு ஒட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் ஒரே ராத்திரி ஆட்டத்தில் பிய்ந்துவிடும்.

இது உங்கள் அவசரத்துக்கும் ஒரு வழி. நல்ல ஷூ கிடைக்கிற வரைக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற, காலுக்குப் பழகிய, பின்பக்கம் மூடிய, கணுக்காலில் வார் வருகிற ஏதாவது ஒரு சாண்டலின் அடியில் சுவீட் ஒட்டிக்கொள்ளுங்கள். ஹீல் கெட்டியாக, அகலமாக இருந்தால் போதும். லைப்சிக்கிலேயே செருப்பு தைக்கிற கடைகளில் செய்துதருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச காலம் ஆடினால் உயரம் எவ்வளவு வேண்டும், எங்கே உரசுகிறது, வழுக்கல் எவ்வளவு பிடிக்கிறது என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிடும், பிறகு 180 யூரோவை யோசித்துச் செலவழிக்கலாம். பழைய ஷூவை விற்கிற ஆட்டக்காரர்களிடம் வாங்குவதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே இன்சோலில் முன்னவரின் விரல் பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் விரல் அந்தப் பள்ளத்தில் உட்காராது. ஹீல் நுனியில் இருக்கிற சின்ன ரப்பர் துண்டு தேய்ந்து ஆணி தெரிந்தால் பயப்படவேண்டாம், அது மாற்றக்கூடியது, ஆனால் மாற்றாமல் ஆடினால் மண்டபத் தரையில் கோடு விழும், உங்களை அடுத்த வாரம் உள்ளே விடமாட்டார்கள்.

ஊருக்கு வரும்போது ஷூவையும் எடுத்து வரலாமா, வீட்டில் பழக இடம் இருக்கிறதா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கொண்டுவரலாம், ஆனால் டிசம்பர் நம் கரைக்கு மழையும் ஈரக்காற்றும் உள்ள மாதம், பாம்பனில் இரும்பு என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். ஷாங்க் எஃகு, பக்கிள் இரும்பு என்றால் உப்புக்காற்றில் துரு ஏறும், தோலில் பூஞ்சை படியும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பருத்திப் பையில் போட்டு உள்ளே சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். மொட்டை மாடி சிமென்ட் தரையில் ஆடினால் சுவீட் ஒரு வாரத்தில் காகிதமாகிவிடும், மணல் துகள் ஏறினால் திரும்பப் போய் மரத்தரையைக் கீறும். உள்ளே ரெட் ஆக்சைடு தரையோ மொசைக்கோ இருந்தால் அதில் சாக்ஸோடு ஓச்சோ பழகுவதே மேல், பாதமும் பலப்படும். ஷூவைப் போட்டே ஆகவேண்டும் என்றால், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற வீட்டுக்குள்ளே ஹீலோடு நடக்கப் போகிறீர்கள், அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தெருவையே பார்க்காத ஷூ இது, மண்டபத்துக்குப் போய்த்தான் மாற்றிக்கொள்வோம் என்று அடியைத் திருப்பிக் காட்டினால் ஒத்துக்கொள்வார். அளவெடுத்த நான்கு எண்ணையும் இங்கேயே எழுதினால், எந்த அகலம் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.